கிரேக்க நாட்டின் முதல் மன்னர் ஓட்டோ

தறியிலே பாவு ஓரூர் நூலாகவும் ஊடை மற்றோரூர் நூலாகவும் அமைந்து, இரண்டும் ஒன்றி ஓர் ஆடையாதலைப் பொதட்டூர்பேட்டை போன்ற நெசவூர்களில் வாழ்வோர் நாடோறும் காண்கின்றனர். நூல் இரண்டும் நல்லனவாயினும், இழையின் இயல்பறியாது இழுப்பவன் கையில் அவை அறுந்துபோகும். இரு நாட்டு மக்களை ஒரு முடியின்கீழ்ப் பிணைக்கும் செயலும் இத்தகையதே. அத்தகைய முயற்சி யொன்றுக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியையும் ஈந்தவர், ஜெர்மானிய அரச குலத்திற் பிறந்து, கிரேக்க நாட்டின் முதல் அரசராய் முப்பதாண்டு வீற்றிருந்து, இறுதியில் அந்நாட்டினராலேயே நீக்கப்பெற்ற ஓட்டோ என்பவர். அவருடைய வரலாறு சுவையும் படிப்பினையும் ஒருங்கே உடையது.

கிரேக்கரும் ஜெர்மானியரும் தமிழர் அறியாதவரல்லர். மிளகு வாணிகத்தின் பொருட்டு முசிறித் துறையில் வந்திறங்கிய மேனாட்டாரை நம் சங்கப் புலவர் யவனர் என்று பாடினர். கிரேக்கரைக் குறித்து எழுந்த சொல்லே அது. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் பயின்று, தமிழ் நூல்களை அச்சிட முற்பட்ட சீகன்பால்கு ஜெர்மானியர். இவ்விரு சாதியாரும் தம்முள் எவ்வாறு உறவு கொண்டனர் என்பதனை அறிதற்கு ஓட்டோ மன்னரின் வாழ்க்கை ஒரு நல்ல வாயிலாகும்.

பிறப்பும் இளமையும்

ஓட்டோ 1815ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ஆம் நாள் சால்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். இன்று ஆஸ்திரியாவைச் சேர்ந்த அந்நகரம் அக்காலத்தில் பவேரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஜெர்மனி என்னும் ஒரே அரசு அந்நாளில் இல்லை. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி எனப் பல அரசுகளாய் அது பிரிந்து கிடந்தது. அவற்றுள் பவேரியாவை ஆண்டது வித்தல்ஸ்பாக் குலம். அக்குலத்து லூத்விக் என்பாரும் அவர் மனைவியார் தெரேசாவும் ஓட்டோவின் பெற்றோர். லூத்விக்குக்கு இவர் இரண்டாவது மகனாதலின், தந்தையின் அரியணை இவருக்குரியதன்று. சமய வாழ்வில் ஈடுபடுத்தக் கருதியே பெற்றோர் இவரை வளர்த்தனர் என்பர்.

1825ஆம் ஆண்டில் அரசரான லூத்விக் பண்டைக் கிரேக்கரின் கலைகளில் அளவிறந்த காதலுடையவர். தம் நாட்டின் பெயரை எழுதுங்கால் கிரேக்க நெடுங்கணக்கிலிருந்து பெற்ற எழுத்தொன்றை அதனுள் இட்டு எழுதுமாறு அவர் ஆணையிட்டார் என்றால், அவ்விருப்பத்தின் பெருமையை வேறு கூற வேண்டுவதில்லை. தலைநகராகிய மியூனிக்கில் கிரேக்கக் கோயில்களைப்போலக் கட்டடங்கள் எழுந்தன. கிரேக்கர் துருக்கியருக்கு எதிராகப் போர் தொடுத்தபோது பொருளுதவி செய்ததோடு, ஹைடெக் என்னும் படைத்தலைவரின்கீழ்ப் பவேரிய வீரரையும் அவர் அனுப்பினார். இத்தகைய தந்தையின் அரண்மனையில் வளர்ந்த ஓட்டோவுக்குக் கிரேக்க நாடு, காணுமுன்னரே கனவில் வாழ்ந்த நாடாயிற்று.

கிரேக்கரின் நிலை

ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் துருக்கிய ஆட்சியின்கீழ் இருந்த கிரேக்கர் 1821ஆம் ஆண்டில் விடுதலைப் போரைத் தொடங்கினர். போர் பல்லாண்டு நீடித்தது. 1827ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் நவாரினோ விரிகுடாவில், இங்கிலாந்து, பிரான்சு, ருஷியா என்னும் மூன்று வல்லரசுகளின் கப்பற்படைகள் துருக்கிய எகிப்திய கப்பற்படையை அழித்தபின் விடுதலை உறுதியாயிற்று. அடுத்த ஆண்டு கபோதிஸ்திரியாஸ் என்னும் பேரறிஞர் நாட்டின் தலைவராய் வந்து ஆட்சியை ஒழுங்குபடுத்த முயன்றார். ஆயினும் அவருக்கும் குடித்தலைவர் சிலருக்கும் பகை முற்றியது. 1831ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் நாப்ளியோ நகரில், வழிபாட்டிற்குச் சென்றவர் ஆலயத்தின் வாயிலிலேயே கொலையுண்டார். நாடு தலைவனற்றுக் கலகத்தில் அமிழ்ந்தது.

புது நாட்டுக்கு ஓர் அரசனைத் தேடும் பொறுப்பை மூன்று வல்லரசுகளும் தாமே ஏற்றுக்கொண்டன. முதலில் அழைக்கப்பெற்ற ஜெர்மானிய இளவரசராகிய லியோபோல்டு 1830இல் அதனை மறுத்துவிட்டார். அவரே மறு ஆண்டில் பெல்ஜியத்தின் அரசரானார். பின்பு வல்லரசுகளின் நோக்கு ஓட்டோவின்பாற் சென்றது. தியர்ஷ் என்னும் மியூனிக் பேராசிரியர், கிரேக்க மொழியில் துறைபோயவர், ஓட்டோவே ஏற்றவர் என்று பன்முறை வற்புறுத்தி வந்தார். மூன்று வல்லரசுகளுள் எதன் குலத்தையும் சேராதவராயும், கிரேக்கரிடம் அன்புடைய மன்னரின் மகனாயும் இருந்தமை இவருக்கு வாய்ப்பாயிற்று.

1832ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் இலண்டன் மாநகரில் உடன்படிக்கையொன்று கையெழுத்தாயிற்று. இங்கிலாந்து, பிரான்சு, ருஷியா, பவேரியா என்னும் நான்கு அரசுகள் அதில் ஒப்பமிட்டன. ஓட்டோ கிரேக்கத்தின் அரசராவார். அவர் உரிய வயதடையுமளவும் தந்தையால் நியமிக்கப்பெறும் மூவர் ஆட்சி நடத்துவர். 6 கோடி பிராங்கு கடன் மூன்று தவணைகளில் கிடைக்கும். பவேரியப் படையொன்று உடன் செல்லும் என்பன அதன் முடிவுகள். எந்நாட்டுக்கு அரசர் தேர்ந்தெடுக்கப்பட்டாரோ அந்நாட்டாரின் ஒப்பம் மட்டும் அதில் இல்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் கிரேக்கர் அவை கூடி அத்தேர்வை ஏற்றுக்கொண்டதாயினும், நிகழ்ந்தது முடிவுக்குப் பின் வந்த இசைவே. ஓட்டோவின் ஆட்சியில் முப்பதாண்டு கழித்து விளைந்ததற்கு வித்து இங்கேயே இடப்பட்டது எனலாம்.

நாப்ளியோவில் வரவேற்பு

1833ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், மதகாஸ்கர் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் வந்த பதினேழு வயது மன்னர் நாப்ளியோத் துறையில் இறங்கினார். சுமார் 3,500 பவேரியப் போர்வீரரும் உடன் வந்தனர். கரையெங்கும் மக்கள் திரண்டனர். போரினாற் கணவனை இழந்தாரும், கலகத்தால் வீடிழந்தாரும், படைக்கலமன்றி வேறு தொழிலறியாத வீரரும், இனித் துயர் தீர்ந்ததென்று மகிழ்ந்து ஆரவாரித்தனர். அக்காட்சியைப் பீட்டர் வொன் ஹெஸ் என்னும் ஜெர்மானிய ஓவியர் பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கின்றார்.

அந்நாளில் அரசின் எல்லை வடக்கே ஆர்தா, வோலோஸ் என்னும் இடங்களுக்கு இடையிலான கோட்டோடு முடிந்தது. மக்கள் தொகை சுமார் 8 லட்சமே. அதனினும் மிகுதியான கிரேக்கர் எல்லைக்கு அப்பால் துருக்கிய ஆட்சியிலேயே இருந்தனர். வயல்கள் பாழ்பட்டிருந்தன, ஒலிவ மரங்கள் வெட்டுண்டு கிடந்தன, கருவூலமோ வெறுமையாயிருந்தது.

மூவர் ஆட்சி

மன்னர் வயது நிரம்பாதவராதலால் ஆர்மான்ஸ்பெர்க், மௌரர், ஹைடெக் என்னும் மூவர் ஆட்சி புரிந்தனர். இவர்கள் உழைப்பிற் குறைந்தவரல்லர். சட்டப் பேரறிஞராகிய மௌரர் குற்றவியற் சட்டத்தையும் நீதிமன்ற நடைமுறைச் சட்டங்களையும் வகுத்தார். திரக்மா என்னும் நாணயம் 1833இல் வழக்கிற்கு வந்தது. 1834இல் தொடக்கக் கல்விச் சட்டமும், பழம்பொருள்களைக் காக்கும் சட்டமும் பிறந்தன.

எனினும், அவர்கள் தம் நாட்டு அளவுகோலையே கொண்டு பிற நாட்டை அளந்தனர். விடுதலைப் போரில் உதிரம் சிந்திய கிரேக்க வீரரின் படைகள் கலைக்கப்பட்டன. அவரிடத்தில் சம்பளம் பெறும் பவேரியர் நின்றனர். வேறு பிழைப்பறியாதார் பலர் மலைகளிற் புகுந்து வழிப்பறிக்கலாயினர். சிறிய மடங்கள் பல மூடப்பட்டன. கிரேக்கத் திருச்சபை 1833இல் கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமையினின்றும் பிரிக்கப்பட்டது. அப்பிரிவை அத்தலைமையிடம் 1850ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. கடனாக வந்த பொருளிலோ பெரும்பகுதி துருக்கியருக்கு ஈடாகவும், பவேரியப் படையின் சம்பளமாகவும், பழைய கடனின் வட்டியாகவும் கழிந்தது. உழவர் கையில் ஏரும் எருதும் ஆகியது சிறிதே.

இவற்றினும் மக்கள் மனத்தை மிகுதியும் புண்படுத்தியது கொலோகொத்ரோனிஸ் மீது நடந்த வழக்கு. விடுதலைப் போரின் முதுபெருந் தலைவராகிய அவர், ஆட்சியாளருக்கு எதிராகச் சூழ்ச்சி செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பெற்று, பிளபூதாஸ் என்னும் தோழரோடு 1834ஆம் ஆண்டில் நாப்ளியோவில் நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். நீதிபதிகள் ஐவருள் மூவர் மரண தண்டனைக்கு இசைந்தனர். அவைத்தலைவர் பொலிசொயிதிசும் அவருடன் தெர்த்செதிஸ் என்பாரும், சான்று போதாதென்று கூறித் தீர்ப்பிற் கையெழுத்திட மறுத்தனர். காவலர் அவ்விருவரையும் பற்றி இழுத்து இருக்கையில் அமர்த்தியும் அவர்தம் கை எழுதுகோலைத் தொட்டிலது. பின்பு அவர்களே குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டு விடுதலையாயினர். ஓட்டோ மரண தண்டனையை இருபதாண்டுச் சிறையாகக் குறைத்தார். 1835ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் ஆட்சியைத் தம் கையில் ஏற்றபோது முதியவரை முற்றும் மன்னித்து விடுவித்துப் பெருஞ் சிறப்பும் செய்தார். இளமன்னரின் நெஞ்சம் தம் அமைச்சரின் நெஞ்சினும் மென்மையானது என்பதற்கு இஃதொரு சான்று.

ஏதென்ஸ் மாநகர்

ஓட்டோவின் செயல்களுள் இன்றும் நிலைத்து நிற்பது ஏதென்ஸ் மாநகரே. 1834ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தலைநகரம் நாப்ளியோவிலிருந்து அங்கே மாற்றப்பட்டது. சாக்கிரதீசும் பெரிக்கிளிசும் உலவிய அந்நகரம் அப்போது சில ஆயிரம் மக்களே வாழும், இடிந்த வீடுகள் நிறைந்த சிற்றூராய்க் குறுகியிருந்தது. அக்கிரோபொலிஸ் குன்றிலிருந்த துருக்கியக் காவற்படை நீங்கியதே 1833ஆம் ஆண்டில்தான்.

கிளெந்தேஸ் என்னும் கிரேக்கரும் ஷௌபெர்ட் என்னும் ஜெர்மானியரும் பெர்லின் நகரில் ஒருங்கு பயின்ற நண்பர். அவ்விருவரும் சேர்ந்து புதிய ஏதென்சுக்கு வரைபடம் வகுத்தனர். பவேரியச் சிற்பியாகிய கிளென்சே அதனைத் திருத்தியமைத்தார். அக்கிரோபொலிஸ் குன்றின்மீதே அரண்மனை எழுப்ப வேண்டுமென்று பெர்லின் சிற்பி ஷிங்கல் ஒரு திட்டம் அனுப்பினார். அது நிறைவேறாது போனமை உலகின் நற்பேறு. அதற்கு மாறாக, கிளென்சேயின் தூண்டுதலால் அக்குன்று பாதுகாக்கப்பட்ட தொன்னிலமாயிற்று. லூத்விக் ராஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அங்கே அகழ்ந்து, சிதறிக் கிடந்த கற்களைத் திரட்டிச் சிறகிலா வெற்றித் தெய்வத்தின் சிறு கோயிலை மீண்டும் எழுப்பத் தொடங்கினார்.

1837ஆம் ஆண்டில் ஓட்டோவின் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நம் சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதனினும் இருபதாண்டு முந்தியது இது. சமயநூல், சட்டம், மருத்துவம், மெய்ந்நூலும் கலைகளும் என்னும் நான்கு துறைகள் அங்கு அமைந்தன. எல்லைக்கு வெளியே துருக்கிய ஆட்சியில் வாழ்ந்த கிரேக்க இளைஞரும் அங்கு வந்து பயின்றனர்.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய செய்தியொன்றைக் கூறுதல் பொருந்தும். கலானோஸ் என்னும் கிரேக்கர் காசியில் நாற்பதாண்டு வாழ்ந்து, வடமொழியில் வல்லுநராகி, ஓட்டோ முடிபுனைந்து வந்த அதே 1833ஆம் ஆண்டில் அந்நகரிலேயே காலமானார். அவருடைய கையெழுத்துச் சுவடிகள் ஏதென்சுக்குச் சேர்ந்தன. பகவத்கீதை உள்ளிட்ட அவர்தம் மொழிபெயர்ப்புகள் 1845ஆம் ஆண்டு முதல் அங்கே அச்சேறின. கங்கைக்கரையில் எழுதிய ஏடுகள் ஓட்டோவின் தலைநகரில் நூலுருப் பெற்றன என்பது நமக்கு உவகை தருவதொன்றாம்.

இல்வாழ்வும் சமயமும்

1836ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஓட்டோ, ஓல்டன்பர்க் இளவரசியாகிய அமாலியாவை மணந்தார். அரசியார் சுறுசுறுப்பும் அழகும் உடையவர், குதிரையேற்றத்தில் வல்லவர். பன்னாட்டு மரஞ்செடிகளை வருவித்து அரண்மனையை யடுத்து அவர் அமைத்த சோலை இன்று தேசியப் பூங்காவாய் ஏதென்ஸ் மக்களுக்கு நிழலளிக்கின்றது. கிரேக்க மகளிரின் பழைய உடையைத் தழுவி அவர் வகுத்த உடை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. மன்னரும் மடிப்பு மிக்க வெள்ளைப் பாவாடையும் மேற்சட்டையுமாகிய கிரேக்க வீரரின் உடையை விரும்பி அணிந்தார், மொழியைப் பயின்றார், குதிரைமீதேறி நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சென்றுவந்தார்.

ஆயினும் இரு குறைகள் இருந்தன. மன்னர் கத்தோலிக்கர், அரசியார் லூத்தரன் சபையினர், மக்களோ கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர். மக்கள் தம் மன்னர் தம்மோடு ஒரே ஆலயத்தில் நிற்க வேண்டுமென்று அவாவினர். ஓட்டோ தம் சமயத்தை விடவில்லை. மனச்சான்றுக்கு மாறாக முடியின் பொருட்டுச் சமயம் மாறாத அவரது நேர்மையை நாம் குறைகூற இயலாது. எனினும் அரசருக்கும் குடிகளுக்கும் நடுவே அஃதொரு சுவராயிற்று. மற்றொன்று, மகப்பேறின்மை. கீழைச் சபையில் வளரும் ஒரு மகன் பிறந்திருப்பின் அச்சுவர் தாழ்ந்திருக்கும், அதுவும் வாய்க்கவில்லை.

அவர்தம் ஆட்சிமுறையிலும் ஒரு குற்றம் இருந்தது. ஒவ்வோர் ஓலையையும் தாமே படித்துத் தாமே முடிவு செய்யக் கருதினார். படித்தார், ஆனால் முடிவு செய்யத் தயங்கினார். மேசைமேல் ஓலைகள் குவிந்தன. பிறரை நம்பி ஒப்படைக்கும் பண்பு அவர்பால் குறைவு.

செப்டம்பர் மூன்றாம் நாள்

1843ஆம் ஆண்டளவில் கடனின் சுமை தாங்கொணாததாயிற்று. வட்டி செலுத்த இயலாது போகவே, மூன்று வல்லரசுகளும் செலவைச் சுருக்குமாறு நெருக்கின. சம்பளம் குறைந்தது, வரி குறைந்திலது. விடுதலைப் போர்க் காலத்திலேயே மும்முறை அரசியற் சட்டம் இயற்றிய மக்கள், பத்தாண்டாகியும் தமக்கொரு சட்டமன்றம் இல்லையே என்று மனம் வெதும்பினர்.

கிரேக்கர் வழங்கிய பழைய நாட்காட்டி மேனாட்டு நாட்காட்டிக்குப் பன்னிரண்டு நாள் பிந்தியது. அதன்படி செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்குமுன், குதிரைப்படைத் தலைவர் கல்லெர்கிஸ் தம் படையோடு அரண்மனையின்முன் வந்து நின்றார். போர் முதுவர் மக்ரியானிஸ் அச்சூழ்ச்சிக்குப் பல நாளாக ஆள் திரட்டியிருந்தார். மக்களும் திரண்டனர். அரசர் நீங்க வேண்டுமென்று அவர் கேட்டாரல்லர்; அரசியற் சட்டம் வேண்டுமென்றே கேட்டனர். மன்னர் சாளரத்தருகே வந்து, கலைந்து செல்லுமாறு பணித்தார். படை அசையவில்லை. தம்மைக் காக்க வேண்டிய படையே எதிரில் நிற்பதைக் கண்ட ஓட்டோ சில நாழிகை தயங்கினார், பின்பு இசைந்தார். ஏறக்குறைய இரத்தம் சிந்தாமலே ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்தது. படையினர் இசை முழக்கத்தோடு பாசறைக்கு மீண்டனர்.

1844ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அரசியற் சட்டம் நிறைவேறியது. ஆடவரிற் பெரும்பாலார் வாக்குரிமை பெற்றனர். அக்கால ஐரோப்பாவில் அஃதரியதொன்று. அடுத்து முடிபுனைபவர் கீழைத் திருச்சபையினராகவே இருத்தல் வேண்டும் என்றும் அதில் விதிக்கப்பட்டது. பவேரிய அதிகாரிகள் நாடு திரும்பினர். அரண்மனையின் முன்னுள்ள வெளி அரசியற் சட்டச் சதுக்கம் என்று இன்றளவும் பெயர் பெற்றுத் திகழ்கின்றது.

வல்லரசுகளின் நெருக்கம்

அரசியற் சட்டம் வந்தபின்னும் ஓட்டோ அதன் உட்பொருளை மனமாரத் தழுவினாரல்லர். அமைச்சரைத் தம் விருப்பின்படி மாற்றுவதும், தேர்தல்களில் அதிகாரிகள் தலையிடுவதும் நீங்கவில்லை. அயல்நாட்டு உறவில் மட்டும் மன்னரும் மக்களும் ஒருமனப்பட்டனர். எல்லைக்கு அப்பாலுள்ள கிரேக்கரையெல்லாம் ஓரரசின்கீழ்ச் சேர்க்க வேண்டுமென்ற பெருங்கனவை அமைச்சர் கொலெத்திஸ் முழங்கினார். மன்னரும் அரசியாரும் அதனைத் தம் கனவாகவே கொண்டனர்.

ஆனால் கடன் கொடுத்தோர் கையில் கடிவாளம் இருந்தது. பசிபிகோ என்னும் ஆங்கிலக் குடியுரிமை பெற்ற வணிகரின் வீட்டை 1847இல் ஏதென்சில் ஒரு கூட்டத்தார் கொள்ளையிட்டனர். அதற்கு ஈடு கேட்டு 1850ஆம் ஆண்டு ஆங்கிலக் கப்பற்படை பிரேயஸ் துறைமுகத்தை அடைத்தது. அப்போது கிரேக்கர் தம் மன்னர் பக்கமே நின்றனர். கிரைமியப் போர் மூண்டபோது, ருஷியாவோடு பொருத துருக்கியரை வடபுலத்தினின்று துரத்த இதுவே தருணமென்று எண்ணி, 1854இல் எபிரஸ், தெசலி நாடுகளில் எழுந்த கிளர்ச்சிக்கு ஓட்டோ துணைநின்றார். உடனே ஆங்கில பிரெஞ்சுப் படைகள் பிரேயசில் இறங்கி, 1857ஆம் ஆண்டு வரை அகலாதிருந்தன. படையோடு வாந்திபேதி நோயும் வந்து ஏதென்சில் பலரை மாய்த்தது. ஓட்டோ மக்களிடத்தில் மிகுந்த அன்பு பெற்றது அந்த இடுக்கண் காலத்திலேதான்.

அவ்வன்பு நிலைக்கவில்லை. 1859இல் இத்தாலியர் ஆஸ்திரியாவுக்கு எதிராக விடுதலைப் போர் நடத்தியபோது, தம்மைப் போன்றே அடிமைத்தளை அறுக்க முயல்வோரிடம் கிரேக்கர் மனம் சென்றது. ஜெர்மானிய அரச குலத்தினராகிய ஓட்டோவின் மனமோ ஆஸ்திரியாவின்பாற் சாய்ந்தது. அன்றே பிளவு மீண்டும் தோன்றிற்று.

முடி இழத்தல்

ஓட்டோவின் பல்கலைக்கழகத்தில் பயின்ற புதிய தலைமுறை இப்போது ஆளாகியிருந்தது. அவர்கள் துருக்கிய ஆட்சியையும் அறியார். நாப்ளியோத் துறையின் ஆரவாரத்தையும் அறியார். சட்டமும் சரித்திரமும் கற்ற அவர்கள், ஏட்டிற் கண்ட உரிமை நாட்டில் இல்லையே என்று வினவினர். 1861ஆம் ஆண்டு செப்டம்பரில் தோசியோஸ் என்னும் மாணவன் அரசியார்மீது துப்பாக்கியாற் சுட்டான், குறி தவறியது. அவனுக்கு விதிக்கப்பெற்ற மரண தண்டனையை அரசியாரே பரிந்து பேசி நீக்குவித்தார்.

1862ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஓட்டோ முதன்முதல் அடிவைத்த அதே நாப்ளியோவில் படையினர் கிளர்ந்தெழுந்தனர். அஃது அடக்கப்பட்டது. அக்டோபரில் மன்னரும் அரசியாரும் கப்பலேறித் தென்னாட்டைச் சுற்றிவருகையில், மேற்குப் பகுதியில் தொடங்கிய கிளர்ச்சி தலைநகரையும் பற்றியது. ஏதென்சில் இடைக்கால அரசு அமைந்து, ஓட்டோ முடியிழந்ததாக அறிவித்தது. திரும்பி விரைந்த மன்னர் கரையிறங்க இயலவில்லை. எதிர்த்துப் பொருதல் வேண்டாவென்று வல்லரசுகளின் தூதுவர் அறிவுறுத்தினர். தம் பொருட்டுக் கிரேக்கர் ஒருவரையொருவர் கொல்லுதலை அவரும் விரும்பினாரல்லர். ஆங்கிலக் கப்பலில் வந்தவர், சில்லா என்னும் மற்றோர் ஆங்கிலக் கப்பலிலேயே நாட்டைவிட்டு நீங்கினார்.

அவ்வாண்டிறுதியில் புதிய மன்னர் யாரென மக்களிடம் வாக்கெடுக்கப்பட்டது. 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து அரசியின் மகனாகிய ஆல்பிரெடுக்கு விழுந்தன. முப்பதாண்டு ஆண்ட ஓட்டோவுக்குக் கிடைத்தது ஒரே வாக்கு. உடன்படிக்கையின்படி வல்லரசுகளின் குலத்தார் முடிபெறலாகாது ஆதலின், ஆறே வாக்குப் பெற்றிருந்த டென்மார்க்கு இளவரசர் வில்லியம், ஜார்ஜ் என்னும் பெயரோடு 1863இல் அரசரானார். முடிவு இம்முறையும் ஏதென்சில் செய்யப்பட்டதன்று.

இதனினும் வியப்பானதொன்றுண்டு. கிரேக்க விடுதலைக்கும் தம் மகன் அந்நாட்டரசனானதற்கும் நினைவாக லூத்விக் மியூனிக்கில் எழுப்பிய மாபெரும் வாயிற்கோபுரம், மகன் முடியிழந்த அதே 1862ஆம் ஆண்டில்தான் கட்டி முடிந்தது.

இறுதி நாட்கள்

ஓட்டோவும் அமாலியாவும் பவேரியாவிலுள்ள பாம்பெர்க் நகரத்து அரண்மனையில் குடியேறினர். அவர் முடிதுறந்ததாக ஒருநாளும் எழுதிக்கொடுத்தாரல்லர். அங்கும் கிரேக்க உடையே உடுத்தினார். ஒவ்வொரு நாளும் மாலை 6 மணி முதல் 8 மணி வரை அவ்வரண்மனையில் கிரேக்க மொழியே பேசப்பட்டது. 1866ஆம் ஆண்டு கிரீட் தீவினர் துருக்கியரை எதிர்த்தெழுந்தபோது, தம்மைத் துரத்திய மக்களின் உடன்பிறந்தாராகிய அவர்க்குத் தம் பொருளை மறைவாக ஈந்து உதவினார்.

1867ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், தட்டம்மை நோயினால், ஐம்பத்திரண்டாம் வயதில் ஓட்டோ உயிர்நீத்தார். கிரேக்க உடையோடே அவருடல் மியூனிக் தெயாத்தினர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. அரசியார் 1875இல் அவரைப் பின்தொடர்ந்தார்.

முடிவுரை

அரச குலங்கள் மீண்டும் உறவு கொண்டன. ஜார்ஜ் மன்னரின் மகன் கான்ஸ்டன்டைன் 1889இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியத்தின் தங்கை சோபியாவை மணந்தார். அம்மணமும் போரைத் தடுக்கவில்லை. 1941 முதல் 1944 வரை ஜெர்மானியப் படைகள் கிரேக்கத்தில் நின்றபோது ஏதென்சில் பல்லாயிரவர் பசியால் மடிந்தனர். 1960இல் செய்த உடன்படிக்கையால் மேற்கு ஜெர்மனி 11 கோடியே 50 லட்சம் மார்க்கு ஈட்டுப்பொருளாக வழங்கியது. அதே ஆண்டின் மற்றோர் உடன்படிக்கையால் கிரேக்கத் தொழிலாளர் திரளாக ஜெர்மனிக்குச் சென்றனர். 2010ஆம் ஆண்டில் கிரேக்கத்தின் கடன் ஐரோப்பாவை உலுக்கியபோது, கடன் கொடுத்தோரும் பெற்றோருமாய் இவ்விரு நாட்டாரும் மீண்டும் மனங்கசந்தனர். 6 கோடி பிராங்கின் நினைவு அப்போது பலர்க்கும் எழுந்தது.

ஓட்டோவின் அரண்மனையில் இன்று கிரேக்க நாடாளுமன்றம் கூடுகின்றது. அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தினின்று அப்பெயர் 1862இலேயே நீங்கிற்று; கொலையுண்ட கபோதிஸ்திரியாசின் பெயரே இன்று அதனை அணிசெய்கின்றது.

அன்பிற்கு ஓட்டோவிடம் குறைவில்லை. உடையால், மொழியால், கனவால் அவர் கிரேக்கரே. குறைந்தது ஒன்றே: தாம் நேசித்த மக்களைத் தமக்கு ஒப்பானவராய் நம்பி ஆட்சியிற் பங்களிக்க அவருக்கு மனம் துணியவில்லை. கல்விக்கூடத்தைத் திறந்தார், அதிற் கற்றவர் கேட்கும் வினாவுக்கு விடையிறுக்க அவர் அணியமாயில்லை. அயலாட்சியின்கீழ் அக்கல்வியாலேயே கண்விழித்த நம் நாட்டு வரலாறும் இதற்கு ஒரு சான்றன்றோ? கல்லூரி வாயிலுட் புகும் நாம் இதனை நினைவிற்கொள்ளல் தகும். உடன்படிக்கைகளில் ஒப்பமிடுவோர் மன்னரும் தூதுவருமே. அவற்றைக் காப்பதோ முறிப்பதோ மக்களின் மனமே.